வலைக்கண் படாத மஞ்சள்

உங்களில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து விலங்குகள் பக்கம் ஓடி வந்தவர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படி வந்தவள்தான். கால்நடை மருத்துவம் படித்தால் மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளலாம் என்று நினைத்தேன். வேலையில் சேர்ந்த முதல் வாரமே, "இந்த வட்டத்தில் எத்தனை நாய்?" என்று கேட்டார்கள். ஓய்வு பெறும் வரை என்னைக் கேட்டதெல்லாம் அதுதான். எத்தனை நாய், எத்தனை எலி, எத்தனை நண்டு. அவை எப்படி இருக்கின்றன என்று ஒருவரும் கேட்டதில்லை.

எண்ணும் முறையை உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். நான் நீட்டி முழக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் பிடித்து எண்ண முடியாது. ஆகவே கொஞ்சத்தைப் பிடித்து, அடையாளம் வைத்து விட்டுவிடுகிறோம். பிறகு ஒரு நாள் போய், கண்ணில் படுகிறவற்றில் எத்தனைக்கு அடையாளம் இருக்கிறது என்று பார்க்கிறோம். நூறு நாய்க்கு அடையாளம் வைத்தோம், பார்த்ததில் பாதிக்கு அது இருக்கிறது என்றால் மொத்தம் ஏறக்குறைய இருநூறு. காசிமேட்டில் மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேலே கிடக்கும் நாலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே முழுக் கூடைக்கும் விலை பேசுகிறோம்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நாம் வைத்த அடையாளம் வைத்த இடத்திலேயே இருக்கும், அதனால் அந்த விலங்கின் பிழைப்பில் ஒரு மாற்றமும் வராது என்ற நம்பிக்கை. என் வேலைக்காலம் முழுக்க அந்த நம்பிக்கை என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

முதலில் காத்திவாக்கம் கழிமுகத்தில். சேற்று நண்டை எண்ணுவதற்காக அதன் முதுகில் சிவப்பு நகப்பூச்சு வைத்து விட்டோம். என்னைவிட மூத்த ஒருவர் கண்டுபிடித்த உத்தி அது. மலிவு, தண்ணீரில் கரையாது. சில வாரம் கழித்து வலை போட்டால் வந்த நண்டில் சிவப்பைத் தேடவேண்டியிருந்தது. சிவப்பு குறைந்தால் மொத்தம் அதிகம் என்று அர்த்தம். கழிமுகத்தில் நண்டு கொழிக்கிறது என்று எல்லாரும் பூரித்துப்போனோம். மறுநாள் கரைச் சேற்றில் சிவப்பு முதுகோடு வெற்று ஓடுகள் கிடந்தன. நண்டு வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். எங்கள் அடையாளத்தையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விட்டது. அந்த மூத்தவர் நல்ல மனிதர், ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு மொத்தக் கணக்கையும் கிழித்துப் போட்டார்.

அடையாளம் தொலையும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. அடையாளம் பெருகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது நடந்தது ஓய்வுக்குச் சில வருடம் முன்னால், திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் வழியில் ஒரு லாரி யார்டில்.

அந்த யார்டு உங்களுக்குத் தெரிந்த மாதிரியான இடம்தான். டேங்கர்களும் கன்டெய்னர் டிரெய்லர்களும் துறைமுகத்துக்குள் போகும் முறை வரும்வரை வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் கேபினில் தூங்குவார்கள், வண்டி நிழலில் சமைப்பார்கள், மிச்சத்தை நாய்களுக்குப் போடுவார்கள். நாய்கள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும். யாரும் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி இருக்கையில் ஒரு நாய்க்கு வெறி பிடித்தது. அது ஒரு கிளீனரைக் கடித்தது, அங்கிருந்த நாய்கள் சிலவற்றையும் கடித்தது, பிறகு வேலியோரம் செத்துக் கிடந்தது. கிளீனரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்துக்கொண்டார். ஆனால் யார்டு முழுக்கப் பயம் ஏறிவிட்டது. எல்லாரும் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வெக்கையில் வெந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து எங்களை அனுப்பினார்கள். சுற்று வட்டாரத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி. பத்துக்கு ஏழு நாய்க்காவது போட்டால்தான் நோய் பரவாமல் நிற்கும், அதற்குக் குறைந்தால் போட்டதெல்லாம் வீண் என்பது நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிடிக்கும் குழுவுக்குத் தலைவர் காதர் பாய். பல வருடம் என்னோடு வேலை பார்த்தவர். பேச்சு குறைவு, வலை வீச்சு சுத்தம். நாய் வலைக்குள் விழுந்ததும் அமுக்கிப் பிடிப்பார், வலையோடு வலையாகவே நான் ஊசி போடுவேன், வலைக்கு மேலேயே பிடரியில் மஞ்சள் ஸ்பிரே அடிப்போம். வலை நூல் மறைத்த இடத்தில் மஞ்சள் படாது. ஆகவே எங்கள் மஞ்சளுக்குள் எப்போதும் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்திருக்கும். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. வேலை செய்யும் விதத்தால் வந்த கோடு, அவ்வளவுதான்.

யார்டு சூப்பர்வைசர் தங்கதுரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை கசங்காமல் நாள் முழுக்கத் தூசியில் நிற்பார். முதல் நாளே என்னிடம் வந்து கணக்காகப் பேசினார்.

"டாக்டர், மஞ்ச அடிச்சது இருந்துட்டுப் போட்டும். மஞ்ச இல்லாதது ஒண்ணு கண்ணுல பட்டாலும் என் பசங்க அடிச்சிருவாங்க. நான் தடுக்க மாட்டேன்."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடிபட்ட கிளீனரைத் தன் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அவர் சொன்னது எங்களுக்குச் சாதகமாகவே பட்டது. ஊசி போட்ட நாயை அடிக்க மாட்டார்கள் அல்லவா. அந்தப் பேச்சுக்குப் பிறகு மஞ்சள் வெறும் அடையாளமாக இல்லாமல் உயிர்ச்சீட்டாக மாறிவிட்டது என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு நாள் வலை வீசினோம். விழுந்தவை விழுந்தன. விழாதவை வலையைப் பார்த்தாலே டிரெய்லருக்கு அடியில் புகுந்து, அச்சுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. காதர் பாய் எண்ணெய்ச் சேற்றில் படுத்து உருண்டும் ஒன்றும் நடக்கவில்லை. யார்டில் நாங்கள் ஊசி போட்டது இருபத்திரண்டு நாய். பிறகு நியாயமாகச் செய்யவேண்டியதைச் செய்தோம். ஊசி போட்டவர்களே எண்ணப் போனால் போட்டதுதான் கண்ணில் படும் என்பதால், வேறு இருவரை விடியற்காலையில் பைக்கில் அனுப்பினோம். கண்ணில் பட்ட ஒவ்வொரு நாயையும் கைபேசியில் படம் எடுத்து, மஞ்சள் உண்டா இல்லையா என்று குறித்துக்கொண்டு வந்தார்கள்.

கணக்கு வந்தபோது அலுவலகத்தில் ஒரே சந்தோஷம். பத்துக்கு எட்டுக்கு மேல் மஞ்சள். மேலதிகாரி எனக்கு டீ வரவழைத்தார், அவரிடம் அது அபூர்வம். கொடுங்கையூரிலிருந்து புகார் மேல் புகாராக வந்துகொண்டிருந்தது, குப்பைமேட்டு நாய்கள் புது ஃபிளாட்டுகளுக்குள் வருகின்றன என்று. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். யார்டு வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலையில் வண்டி, வலை, ஆட்கள், மருந்துப் பெட்டி எல்லாம் கொடுங்கையூருக்குப் போய்விடும். மாலைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்.

எனக்கும் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. முட்டி வலி, எண்ணெய் நாற்றம், மூன்று நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. ஆனால் யார்டுப் பகுதியை மட்டும் தனியாகப் பார்த்தபோது ஒரு எண் இடித்தது. நாங்கள் ஊசி போட்டது இருபத்திரண்டு. பைக்கில் போனவர்கள் அங்கே பார்த்த மஞ்சள் நாய் முப்பத்தொன்று. மேலதிகாரியிடம் சொன்னேன். பக்கத்துத் தெருவில் ஊசி போட்ட நாய்கள் உள்ளே வந்திருக்கும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லாரி யார்டு நாய்கள் அயல் நாயை வேலி தாண்ட விடுமா? அதுவும் ஒன்பதை?

படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் கோடு கண்ணில் பட்டது, சரியாகச் சொன்னால் படவில்லை. பெரும்பாலான நாய்களின் பிடரியில் மஞ்சளுக்குள் வலைக்கட்டம் தெரிந்தது. ஒன்பதில் அது இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வழவழவென்று, ஒழுங்காக, மயிர் படிந்த பக்கமாகவே நீவிவிட்டது போல இருந்தது. வலைக்குள் துள்ளும் நாய்க்கு அப்படி வைக்க முடியாது. அந்த நாய்கள் யாரோ ஒருவர் கைக்குப் பிடரியைக் காட்டி ஆடாமல் நின்றிருக்கின்றன. அந்த யார்டில் அப்படி ஒரு கை யாருடையது என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

யார்டு வாசலில் லூர்தம்மாவின் தள்ளுவண்டிக் கடை. காலையில் இட்லியும் வடகறியும், மதியம் தக்காளி சாதம். என் வயதுதான் இருக்கும், காசிமேட்டில் வீடு. தனி ஆள். நாய்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்: டீசல், பேட்டரி, பிரேக்கு, கியரு. நாங்கள் வலை வீசிய இரண்டு நாளும் கடையைப் போடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்.

நான் போனபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்காமலே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "இன்னா டாக்டரம்மா, நாய எண்ண வந்தியா, என்ன எண்ண வந்தியா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். உள்ளங்கை ரேகை முழுக்க மஞ்சள். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்து, உங்கள் மஞ்சள் இருக்கும் இடத்திலேயே பார்த்து வைத்தேன் என்றார். தங்கதுரை ஆட்கள் முதல் நாள் இரவே மஞ்சள் இல்லாத ஒரு குட்டியை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார்களாம். மற்றவை வலைக்கு வராமல் ஓடின, கம்பிக்கு எங்கே ஓடும் என்று கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் நான் வந்தது அதைப் பாராட்ட அல்ல. அந்த ஒன்பதுக்கும் ஊசி இல்லை, அவற்றில் எதை அந்த வெறிநாய் கடித்திருந்தாலும் இங்கே இன்னொரு ஆள் கடிபடுவார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்போது அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கப் புடவைத் தலைப்பை விலக்கினார். இடது மணிக்கட்டில் கிழிந்த துணி ஒன்று கட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. டீசலுக்கு மஞ்ச வெக்க சொல்லோ பல்லு பட்டுடிச்சி. கடிக்கல."

இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள். எந்தத் தெருவுக்குப் போனாலும் கேட்பீர்கள். பிரியமான நாய் கடிக்காது, அதன் பல் படும். துணியை அவிழ்க்கச் சொன்னேன். நான்கு துளை, ஒன்று ஆழமாக. எப்போது என்றால் முந்தாநாள் ராத்திரி, குட்டியை அடித்த பிறகு. இதற்கு முன்னால் டீசல் யாரையும் கடித்ததுண்டா என்றால், குட்டியிலிருந்து கைக்குள் வளர்ந்தவன், உறுமியதுகூட இல்லை என்றார். நேற்றிலிருந்து ஏன் எதுவும் சாப்பிடவில்லை என்று தெரியவில்லை, குரல்கூடக் கட்டிப்போயிருக்கிறது, வெளிச்சத்துக்கே வர மாட்டேன் என்கிறான், ஏதாவது மருந்து இருந்தால் கொடு என்று என்னையே கேட்டார்.

வெறிநோய் வந்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வருவதற்கு முன்னால் போடும் ஊசிதான் ஒரே வழி, ஒவ்வொரு நாளும் அது பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். என் எதிரே ஒரு பெண் வடகறிச் சட்டியைத் துடைத்துக்கொண்டு, தன்னைக் கடித்த நாய்க்கு வைத்தியம் கேட்கிறாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். வர மாட்டேன் என்றார்.

"அங்க எந்த நாயின்னு கேப்பாங்கோ. விசயம் தங்கதுரை காதுக்குப் போச்சுன்னா மஞ்சளுன்னும் பாக்க மாட்டாங்கோ. எல்லாத்தையும் முடிச்சிடுவாங்கோ. நான் போலன்னா இன்னா ஆயிடும், புண்ணு தானா ஆறிடும்."

நான் ராயபுரத்துப் பெண். படிப்பும் உத்தியோகமும் என் தமிழை இஸ்திரி போட்டு வைத்திருந்தன. அன்றைக்கு அதெல்லாம் ஒரு நொடியில் கழன்றுபோனது. "இன்னா லூர்து, சாவறதுக்கு இஷ்டமா உனக்கு? புண்ணு ஆறும், நீ ஆற மாட்ட. தண்ணிய கண்டா அலறினு கட்டில்ல கட்டிப்போட்டு சாவணுமா?" என்றேன். கூசாமல் சொன்னேன். அதைவிட மென்மையாகச் சொல்ல அங்கே நேரம் இல்லை.

அவர் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "மாதா மேல சத்தியம் பண்ணு. டீசல ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லு. வர்றேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தவேண்டும் என்று இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். ஒரு பொய் போதும், அவர் என்னோடு கிளம்பி வந்துவிடுவார். உயிர் காக்கும் பொய், மாதா மன்னித்துவிடுவாள். என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவருக்கு ஒரு ஊசி போதாது. முதல் நாள் போட்டு, பிறகு விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வரவேண்டும். டீசல் செத்தது தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா? மிச்ச ஊசிக்கு வருவாரா? டீசல் போக மிச்ச எட்டு நாயைப் பிடிக்கவும் எனக்கு அந்தக் கை வேண்டும். நான் யோசித்தது தர்மத்தை அல்ல, அடுத்த வாரத்தை.

"மத்த எட்டுக்கும் மாதா மேல சத்தியம் பண்றேன். ஒண்ணையும் அடிக்க விட மாட்டேன். டீசலுக்கு மட்டும் என்னால பண்ண முடியாது. அது பொழைக்கும்னு எனக்குத் தோணல" என்றேன்.

அவர் அழுதார். அழுதுகொண்டே குழாயடிக்கு வந்து கையை நீட்டினார். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். எரிகிறது, போதும் என்றபோதும் விடவில்லை. அதற்குள் காதர் பாய் கூண்டு வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். உடைந்த டிரெய்லருக்கு அடியில் இருட்டில் டீசல் கிடந்தது. வலை வேண்டாம் என்று லூர்தம்மா கெஞ்சினார். நெருங்கக்கூடாது, குரல் மட்டும் கொடுங்கள் என்று அவரைக் கூண்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது தரம் அது எழுந்து, பின்னங்கால் தள்ளாட, அந்தக் குரலைப் பார்த்து நடந்து கூண்டுக்குள் போனது. காதர் பாய் கதவை இறக்கினார். யாரையும் பார்க்காமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மேலதிகாரியின் அழைப்பு வந்தது. பக்கத்தில் லூர்தம்மா. மேலதிகாரியோ போனுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு உரக்கப் பேசக்கூடியவர். கையெழுத்துப் போட்டாயிற்றா என்றார். இல்லை, யார்டு எண்ணிக்கை செல்லாது, குறி நம்பும்படி இல்லை என்றேன். எப்படி என்றார். லூர்தம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னால் அது ஒரு மணி நேரத்தில் தங்கதுரைக்குப் போகும், சத்தியம் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் பறந்துவிடும்.

"குறி வைக்கறது என் பொறுப்பு சார். நாளைக்குக் காலைல திரும்பப் போடறேன். மதியம் வண்டி கொடுங்கையூர்ல இருக்கும்."

உங்கள் குறி சரியில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். அது என் பணிப் பதிவில் கடைசிவரை இருந்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுதான் பெரிய பொய், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எண்ணை நான் திரிக்கவில்லை, தவறான எண் என்று தெரிந்ததும் தவறு என்று சொன்னேன். பெயரைத்தான் சொல்லவில்லை. எண்ணை மறைப்பதையும் ஆளை மறைப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும், அந்த ஆட்டோவில் நான் இருந்தேன், நீங்கள் இல்லை.

மறுநாள் காலை லூர்தம்மா ஊசி போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலையை வண்டியிலேயே விட்டுவிட்டோம். அவர் வண்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பேட்டரி வந்தது, பிரேக்கு வந்தது. அவர் ஒரு கையால் தாடையைத் தாங்கி மடியோடு அணைத்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து ஊசி போட்டேன், காதர் பாய் ஸ்பிரே அடித்தார். இரண்டு நாள் சேற்றில் உருண்ட வேலை இட்லி வேகும் நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் நிஜ மஞ்சளிலும் அன்றைக்கு வலைக்கட்டம் விழவில்லை.

பாதியில் தங்கதுரை வந்து நின்றார். இந்த நாய்களுக்குத்தான் ஏற்கெனவே மஞ்சள் இருந்ததே, மறுபடி எதற்கு என்று கேட்டார். எங்கள் மஞ்சள் சரியில்லை, திரும்பப் போடுகிறோம் என்றேன். அவர் நாயின் பிடரியைப் பார்த்தார். லூர்தம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தார். கட்டுப் போட்ட மணிக்கட்டையும் பார்த்தார். முட்டாள் அல்ல அவர், எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. நான் சத்தியத்தைக் காப்பாற்ற என்னவெல்லாம் சொல்லலாம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடைசி டேங்கருக்கு அடியில இன்னும் ரெண்டு கிடக்கு" என்றார். "அதுக்கும் போட்டுருங்க."

சொல்லிவிட்டு, கம்பியோடு நின்ற ஆட்களைச் சாப்பிடப் போங்கள் என்று விரட்டினார்.

மதியத்துக்குள் வண்டி கொடுங்கையூர் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து வேறு வண்ணத்தில் குறி வைத்து மறுபடி எண்ணினோம். நோயை நிறுத்தப் போதுமான அளவுக்குப் போட்டிருந்தோம். அந்த யார்டில் அதற்குப் பிறகு வெறி எதற்கும் வரவில்லை.

டீசல் கூண்டில் மூன்றாவது நாள் செத்தது. பரிசோதனையில் வெறிநோய் உறுதியானது. வேறு யாரையாவது அனுப்பிச் சொல்லச் சொல்லலாம் என்று பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. நானே போனேன். லூர்தம்மா அடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்து அடுப்பு மூட்டியிருந்தார். நான் சொன்னதும் அடுப்பை அணைத்தார். வாடிக்கையாளர் இருவரிடம் இன்றைக்குக் கடை இல்லை என்றார்.

"உன் கணக்குல அவன் எந்தப் பக்கம் கீறான்?" என்று கேட்டார். "மஞ்சளா, மஞ்ச இல்லாததா?"

பைக்கில் போனவர்கள் எடுத்த படங்களில் டீசலும் இருந்தது. டிரெய்லருக்கு அடியில் படுத்திருக்கும், பிடரி மட்டும் வெளிச்சத்தில். ஊசி போட்ட நாய், பயமில்லை என்று குறித்திருந்தார்கள்.

"மஞ்சள் பக்கம்" என்றேன்.

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தும் ரேகைகளில் நிறம் முழுதாகப் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ அத்த நம்பல" என்றார். "அதான் நான் உசுரோட கீறேன்."

ஆமாம் என்றேன்.